வெயில் ஊருக்கு விளக்கு எதுக்கு?

தூத்துக்குடியில இருந்துக்கிட்டு ஒருத்தன் புற ஊதா விளக்கு தேடி அலையுறான்னா யாருக்கும் சிரிப்புதான் வரும். வெயிலை வெச்சே உப்பு விளைவிக்கிற ஊராச்சே! ஆனா காரணம் இருக்கு மக்களே.

சயனோடைப்னு ஒரு பழைய பிரிண்ட் முறை. 1842ல ஜான் ஹெர்ஷல் கண்டுபிடிச்சது. இரும்பு உப்புக் கரைசலைக் காகிதத்துல தடவிக் காயவெச்சு, மேல நெகட்டிவ், அதுக்கு மேல கண்ணாடி. புற ஊதாக் கதிர் பட்ட இடம் தண்ணியில அலசினதும் நீலமா நிக்கும், மத்தது கரைஞ்சு போயிடும். அந்தக் காலத்துல விளக்கெல்லாம் ஏது? 1858ல மதுரையைப் படம் பிடிச்ச லின்னேயஸ் டிரைப்போட முறை வேற, ஆனா அவரும் சூரியனை நம்பித்தான் பிரிண்ட் போட்டார்.

எங்க தாத்தா உப்பளத்துல நிக்கிற மாதிரி ஒரே ஒரு போட்டோ இருக்கு. முதல் வருஷ நினைவு நாளுக்குப் பேரப்பிள்ளைங்க 11 பேருக்கும் ஆளுக்கொண்ணு குடுக்கணும். நாள் விழுறதோ கார்த்திகையில. உப்பளமே ஓய்ஞ்சு கிடக்குற மழை மாசம். மேகம் வந்து வந்து போற வெயில்ல ஒரு பிரிண்டுக்கு 8 நிமிஷம்னா அடுத்ததுக்கு 25 ஆகும். ஒருத்தன் வீட்டுத் தாத்தா கருநீலம், இன்னொருத்தி வீட்டுத் தாத்தா வெளுத்துப்போய்னு இருந்தா எங்க குடும்பத்துல பஞ்சாயத்துதான் :-)

சரி, எந்த விளக்கு?

முதல்ல வாங்கக் கூடாதது. தண்ணி சுத்திகரிக்கிற மெஷின்லயும், 2020ல கொரோனா சமயத்துல வித்த கிருமிநாசினிப் பெட்டிகள்லயும் இருக்கிற 254 நானோமீட்டர் டியூப். கண்ணையும் தோலையும் புண்ணாக்கிடும். சாதாரணக் கண்ணாடியை அது தாண்டவும் தாண்டாது, அதனால பிரிண்டும் விழாது. புள்ளைங்க இருக்கிற வீட்டுல இதைத் திறந்து எரியவிடவே விடாதீங்க.

அடுத்தது எல்.ஈ.டி. விலை குறைச்சலா கிடைக்கிறது பெரும்பாலும் 395 நானோமீட்டர். வேலை செய்யும், கொஞ்சம் மெதுவா. ஒத்தை விளக்கா இருந்தா நடுவுல கருத்து, ஓரம் வெளுக்கும்.

நான் எடுத்தது, ஸ்வீட் கடையில ஈ பிடிக்க நீலமா எரியுமே, அந்த டியூப். சுமார் 365 நானோமீட்டர், சயனோடைப்புக்குத் தோதான அலைநீளம். 'பிஎல்'னு போட்டிருக்கும். 'பிஎல்பி'ன்னா கண்ணாடியே கருநீலமா இருக்கும், விலையும் கூட. நமக்கு பிஎல் போதும். ரெண்டடி, 18 வாட், ஆறு டியூபை நெருக்கமா மாட்டி, நாலு இஞ்ச் கீழ ஃபிரேமை வெச்சேன். சாதாரண டியூப்லைட் பட்டி, சோக்கே போதும். எரியவிட்டு அஞ்சு நிமிஷம் கழிச்சுத்தான் ஆரம்பிக்கணும், அப்பதான் வெளிச்சம் நிலைக்கு வரும். எரியும்போது உத்துப் பாக்காதீங்க, சுத்தி அட்டையை வெச்சு மறைச்சிடுங்க.

ஒரு துண்டுக் காகிதத்துல ரெண்டு ரெண்டு நிமிஷமா கூட்டிப் பாத்ததுல எனக்கு அமைஞ்சது 14 நிமிஷம். உங்க நெகட்டிவுக்கு வேற வரும்.

வெளிய சோன்னு மழை. உள்ள கொடியில வரிசையா 11 தாத்தா, எல்லாரும் ஒரே நீலம்.