பொழியூரும் வடதுருவ ஒளியும்

பள்ளியில் வடதுருவ ஒளியின் படத்தைப் பிள்ளைகள் கண்டுவந்த நாள் முதல் இலண்டனிலுள்ள எங்கள் இல்லத்தில் வேறு பேச்சில்லை. நெய்யாற்றின்கரைப் பகுதியில், பொழியூர்க் கடற்கரையில் பிறந்த எங்களுக்கும் அவ்வாசை இல்லாமலில்லை. கிறிஸ்துமஸ் விடுமுறையில் நார்வே நாட்டுத் திரோம்சோ நகருக்குச் செல்வதெனத் திட்டமிடலானோம்.

நேயர்களுக்குப் பயன்படுமெனக் கருதி, அறிந்தவற்றைக் கூறுகிறோம். அந்நகர் வட அட்சம் 69½ பாகைக்கும் மேலே உள்ளது. நவம்பர் இறுதி முதல் சனவரி நடுப்பகுதி வரை அங்கே கதிரவன் உதிப்பதேயில்லை. ஆயினும் இருட்டு மட்டும் போதாது. முகில் மூடினால் ஒன்றும் தெரியாது. சூரியனிலிருந்து வரும் மின்துகள்களால் 100 கிலோமீட்டர் உயரத்திலும் அதற்கு மேலும் பிறக்கும் ஒளி அது. ஓரிரவு தங்கித் திரும்புவது வீண். நான்கு இரவுகளாவது வேண்டும். செலவைக் கூட்டிப் பார்த்துச் சற்று மலைத்தோம்.

எண்பதைக் கடந்த தந்தையாரிடம் தொலைபேசியில் தெரிவித்தோம். "உறுதியாத் தெரியுமா மக்களே?" என்றார். இல்லையென்றோம். சிரித்தார். நெய்யாற்றின் முகத்தை அடைக்கும் மணல் என்று உடையுமென எங்களூரில் எவரும் நாள் குறித்ததில்லை. பிறகு, "அப்போ இந்தக் கிறிஸ்துமசுக்கும் வரமாட்டியளா?" என்றார். வராதுபோனால் இது மூன்றாம் ஆண்டு.

இரண்டு பயணத்துக்கும் பணமில்லை. சூரியனின் 11 ஆண்டுச் சுற்று உச்சநிலையை அடைந்துவிட்டதென 2024 அக்டோபரில் அறிவித்தார்கள். இனி இறங்குமுகமே என்று மூத்தவள் வாதாடினாள். ஆனால் திரோம்சோ அவ்வொளி வளையத்தின் கீழேயே இருப்பதால், சூரியன் அடங்கிய ஆண்டுகளிலும் அங்கே ஒளி தோன்றுவதுண்டு. ஒளி காத்திருக்கும். திருவனந்தபுரத்துக்குச் சீட்டு வாங்கிவிட்டோம். மூத்தவள் இரண்டு நாள் எங்களுடன் பேசவில்லை.

இளையவன் மட்டும் தாத்தாவிடம் துருவமீனைப் பற்றிக் கேட்டுக்கொண்டிருக்கிறான். கட்டுமரத்தில் இரவுத்தொழிலுக்குச் சென்ற காலத்தில், கரையின் தென்னந்தலைகளை ஒட்டி அது தாழ நிற்கக் கண்டவர் அவர். பொழியூர் 8 பாகையில் உள்ளதன்றோ! நீட்டிய கையின் ஒரு முட்டி அளவு உயரங்கூட இராது. திரோம்சோவில் அது ஏறத்தாழ உச்சந்தலைக்கு மேல் நிற்குமென்று இவன் சொன்னதை அவர் நம்பவில்லை. டிசம்பரில் அதன் உயரத்தைக் கையால் அளந்து காட்டுவதாகச் சொல்லியிருக்கிறார்.