கியர் லிவர் கழன்ற கதை
வாடிப்பட்டி தாண்டியதும் இடது காலுக்கடியில் ஒன்றுமே இல்லை. கியர் லிவர் எங்கேயோ விழுந்துவிட்டது, வண்டி நாலாவது கியரில். பத்து மணிக்கு மதுரையில் செமஸ்டர் பரீட்சை. வண்டியோ அப்பாவுடையது, சொல்லாமல் எடுத்து வந்தது வேறு!

திரும்பி நடந்து தேடியதில் லிவர் கிடைத்தது, போல்ட் கிடைக்கவில்லை. உருட்டிக்கொண்டே ஒரு பங்ச்சர் கடைக்குப் போனேன்.

"எத்தனை நாளா ஆடுச்சு தம்பி?"

"ஒரு வாரமா..." பத்தாம் நம்பர் ஸ்பேனரில் ஒரு திருகு திருகியிருக்கலாம். சோம்பேறித்தனம், வேறென்ன.

ஷாஃப்டிலும் பல் உண்டு, லிவர் ஓட்டைக்குள்ளும் பல் உண்டு. போல்ட்டை இறுக்கினால்தான் இரண்டும் கவ்வும். லூஸாகவே மிதித்தால் பல் மழுங்கும். லிவரில் மழுங்கினால் புது லிவரோடு போச்சு. ஷாஃப்டில் என்றால் இன்ஜினையே பிரிக்கணுமாம். எனக்கு வயிற்றைக் கலக்கியது.

நல்லவேளை, மழுங்கியது லிவர்தான், அதுவும் பாதி. அண்ணன் அதன் பிளவை ரம்பத்தால் கொஞ்சம் அகலமாக்கி, ஷாஃப்டில் இருக்கும் பள்ளத்துக்கு நேராகப் போல்ட்டை நுழைத்து இறுக்கினார். பிடித்துக்கொண்டது. காசு வாங்கவில்லை.

பரீட்சைக்கு இருபது நிமிடம் லேட். சாயங்காலம் அப்பா வண்டியைச் சுற்றி வந்து குனிந்து பார்த்தார்.

"போல்ட் புதுசா இருக்கே?"