பாட்டுக்காரி என்றொரு சொல்

ஞாயிறு திருப்பலியில் நம் வீட்டுப் பெண் பாடினால் உள்ளம் பூரிக்கிறோம். அவளே ஒருநாள், "இசையையே என் தொழிலாகக் கொள்ளப் போகிறேன்" என்றால் முகம் சுளிக்கிறோம். பாடுவது பெருமைக்குரியது, பாடிப் பிழைப்பது பழிக்குரியது என்னும் இரு எண்ணங்களையும் ஒரே உள்ளத்தில் வைத்துக்கொண்டு வாழும் குடும்பங்கள் நம்மிடையே பல. "பாட்டுக்காரி" என்ற சொல்லை ஊரார் எந்தத் தொனியில் உச்சரிப்பர் என்பதை நாம் அறிவோம். அச்சொல்லின் மதிப்பை எனக்கு உணர்த்தியவர்களுள் முதன்மையானவர், வேற்றுக் கோளுக்குக் கொண்டுசெல்லப்பட்ட பாடகியாகத் திரையில் தோன்றிய பி. பானுமதி அவர்கள்.

1963ஆம் ஆண்டு வெளிவந்த 'கலை அரசி' என்னும் படத்தை வாசகருள் மூத்தோர் மறந்திருக்க மாட்டார்கள். ஏ. காசிலிங்கம் இயக்கிய அப்படத்தில் எம்.ஜி.ஆர். நாயகன், பானுமதி நாயகி. கடலூர் முதுநகரில் ஒரு டூரிங் கொட்டகையின் மணல் தரையில், எட்டு வயதுச் சிறுமியாக அம்மாவின் மடியோரம் அமர்ந்து நான் அதைக் கண்டேன். விண்ணிலே வேறொரு கோள். அங்கு வாழ்வோர் அறிவியலில் நம்மை விஞ்சியவர்கள். விண்கலம் ஏறிப் புவிக்கு வந்து போகும் ஆற்றல் படைத்தவர்கள். ஆயினும் கலையில் வறியவர்கள். அந்தக் குறையைப் போக்கிக்கொள்ளப் புவியில் பாடலிலும் ஆடலிலும் சிறந்த ஒரு பெண்ணைக் கவர்ந்து செல்கிறார்கள்.

இன்றைய பிள்ளைகள் அதன் தந்திரக் காட்சிகளைக் கண்டால் நகைக்கக்கூடும். கதையின் கருத்து நகைப்புக்குரியதன்று. எல்லாம் கைவரப்பெற்ற ஓர் உலகம், நம் மண்ணில் தேடி வந்தது பொன்னையோ பொருளையோ அன்று, ஒரு பாட்டுக்காரியை! அந்த 1963ஆம் ஆண்டையும் சற்று எண்ணிப் பாருங்கள். ஜூன் மாதத்தில் ரஷ்ய நாட்டு வாலண்டினா தெரெஷ்கோவா விண்வெளிக்குச் சென்ற முதல் பெண்மணியானார். நவம்பர் 21ஆம் நாள் கேரளத்துத் தும்பாவிலிருந்து நம் நாட்டின் முதல் ஆய்வு ராக்கெட் விண்ணில் பாய்ந்தது. அப்பணிக்கெனத் தம் மீனவ மக்களின் புனித மரிய மகதலேனாள் ஆலயத்தையே ஒப்படைக்க ஆயர் பீட்டர் பெர்னார்டு பெரைரா இசைந்ததும், அந்த ஆலயமே அறிவியலாருக்கு அலுவலகமானதும் நமக்குப் பெருமை தரும் செய்திகள். உலகமே வானத்தை நோக்கிய அந்த ஆண்டில், வானம் நம்மிடம் பாட்டைக் கேட்டதாகக் கதை சொன்னது தமிழ்த் திரை.

கதையின் நாயகியைக் கவர்ந்து சென்றனர். ஆனால் உண்மை வாழ்வில் பானுமதியை அவர் விருப்பமின்றி எவரும் எங்கும் இட்டுச் சென்றதில்லை. 1925ஆம் ஆண்டு ஆந்திரத்தில், ஓங்கோலை அடுத்த தொட்டவரம் என்னும் சிற்றூரில் பிறந்தவர் அவர். தந்தை வெங்கட சுப்பையா இசையறிவு மிக்கவர். மகளுக்கு முதல் ஆசிரியரும் அவரே. 1939இல் வெளியான 'வரவிக்ரயம்' என்னும் தெலுங்குப் படமே அவரது முதற்படம். மாப்பிள்ளையை விலை பேசும் வரதட்சணைக் கொடுமையைச் சாடிய கதை அது. மகளைத் திரைக்கு அனுப்பிய தந்தை, நாயகர் அவளைத் தழுவி நடிக்கும் காட்சி கூடாதென்று நிபந்தனையும் விதித்தார். கலையை மறுக்காமலே கண்ணியத்தைக் காக்கும் வழி உண்டென அந்தக் காலத்திலேயே கண்ட தந்தை அவர்.

1943இல் பி.எஸ். ராமகிருஷ்ணாவை மணந்தார். பின்னர்க் கணவரும் மனைவியுமாகத் தம் மகன் பரணியின் பெயரால் படநிறுவனம் தொடங்கினர். 1953இல் 'சண்டிராணி' என்னும் படத்தைத் தமிழ், தெலுங்கு, இந்தி ஆகிய மூன்று மொழிகளில் தாமே இயக்கினார். பெண்ணொருத்தி படம் இயக்குவது கேட்டறியாத செய்தியாக இருந்த காலம் அது. தம் பாடல்களைத் தாமே பாடினார், கதைகள் எழுதினார், மாமியாரை வைத்து அவர் எழுதிய நகைச்சுவைக் கதைகளைத் தெலுங்கு மக்கள் விரும்பிப் படித்தனர்.

இத்தகைய தன்மானம் விலை கேளாமல் விடுமா? 1955இல் வெளியான 'மிஸ்ஸம்மா' என்னும் தெலுங்குப் படத்தில் மேரி என்னும் பெண்ணாக நடிக்க முதலில் அமர்த்தப்பட்டவர் பானுமதியே. சில காட்சிகள் எடுக்கப்பட்டபின், நோன்பு நாளொன்றில் படப்பிடிப்புக்குத் தாமதமாக வந்தமைக்கு மன்னிப்புக் கேட்குமாறு தயாரிப்பாளர் சக்கரபாணி வற்புறுத்தினார். தம்மீது குற்றமில்லை என்று கருதிய பானுமதி மறுத்துவிட்டார். வேடம் சாவித்திரிக்குச் சென்றது. சாவித்திரியின் புகழும் அதனால் ஓங்கியது. அதற்காகப் பானுமதி புழுங்கவில்லை. தம்மால் ஒரு நல்ல நடிகை கிடைத்தார் என்றே மகிழ்ந்தார். அவர் நடித்த வண்ணப் படங்களைவிட இந்நிகழ்ச்சியே என் நெஞ்சில் ஆழப் பதிந்தது.

1966இல் பத்மஸ்ரீ விருதும், பிற்காலத்தில் பத்மபூஷண் விருதும் அவரை நாடி வந்தன. 1985 முதல் மூன்றாண்டுகள் சென்னையிலுள்ள தமிழ்நாடு அரசு இசைக் கல்லூரியின் முதல்வராக வீற்றிருந்தார். இந்தச் செய்திதான் எங்கள் குடும்பத்தில் ஒரு வழக்கைத் தீர்க்க எனக்குக் கைகொடுத்தது.

1986ஆம் ஆண்டு, என் அண்ணன் மகள் பள்ளி இறுதித் தேர்வில் நல்ல மதிப்பெண்களுடன் தேறினாள். மஞ்சக்குப்பத்தில் எங்கள் பாடற்குழுவின் உயிர்நாடி அவள். சிதம்பரத்தில் அண்ணாமலைப் பல்கலைக் கழகத்தில் இசை பயில வேண்டுமென்றாள். அண்ணன் கொதித்தார். "தங்கச்சி, நீ வாத்தியாரம்மா; நீயே சொல். பாட்டுக்காரி என்று பெயரெடுத்தவளை யார் பெண் கேட்டு வருவார்? அடுப்பெரிய வழி உண்டா?" என்று என்னிடம் முறையிட்டார். அவரைக் கடிந்துகொள்ள எனக்கு மனம் வரவில்லை. சிறு கடையின் வருவாயில் நான்கு பிள்ளைகளை வளர்ப்பவரின் அச்சம் அது. பெண் சுவரோடு சுவராக நின்று, "அத்தை, நீங்கள் பேசுங்கள்" என்று கண்ணாலேயே கெஞ்சினாள்.

"அண்ணா, சிறு வயதில் நாம் பார்த்தோமே, விண்வெளிக்குப் போன பானுமதி. அவர் இன்று அரசுக் கல்லூரியின் முதல்வர். எத்தனை பேருக்கு அந்த நாற்காலி கிடைக்கும்?" என்றேன். அவர் ஒன்றும் சொல்லவில்லை. மறுவாரம் மூவருமாகக் கடலூர் முதுநகரில் ரயிலேறினோம்.

அண்ணாமலை நகரின் மரநிழல் சாலைகளைக் கண்டதுமே அண்ணனின் குரல் சற்றுத் தணிந்தது. 1929இல் தோன்றிய அப்பல்கலைக் கழகம் தமிழிசைக்குத் தாய்வீடாகத் திகழ்வது. திரையில் நந்தனாராக நடித்துப் பாடி மக்களை உருக்கிய தண்டபாணி தேசிகர் அங்கே இசைத்துறைத் தலைவராக விளங்கியவர் என்பதை, எங்களை வரவேற்ற ஆசிரியர் எடுத்துரைத்தார். பெண்ணைப் பாடச் சொன்னார். அவள் பாடி முடித்ததும் அண்ணன் தயங்கித் தயங்கி, "ஐயா, இதைப் படித்து இவள் என்ன செய்வாள்?" என்று வினவினார். "கற்றுக்கொடுப்பாள்" என்று ஒரே சொல்லில் விடையளித்தார் அவர்.

அந்த எண்பதுகளின் நடுவில்தான் ஞாயிறு காலைகளில் தூரதர்ஷனில் 'ஸ்டார் ட்ரெக்' என்னும் அமெரிக்க விண்வெளித் தொடர் ஒளிபரப்பாயிற்று. கலத்தின் செய்தித் தொடர்பு அதிகாரியாக, காதில் கருவியுடன் அமர்ந்திருப்பாள் உஹூரா என்னும் கறுப்பினப் பெண். அவ்வேடம் தாங்கிய நிஷெல் நிக்கல்ஸ், டியூக் எலிங்டனின் இசைக்குழுவில் பாடியவர்; தொடரிலும் அவ்வப்போது பாடுவார். 1966இல் தொடங்கிய அத்தொடரின் முதற்பருவம் முடிந்ததும், மேடை இசை நாடகங்களுக்கே திரும்ப எண்ணி விலகல் கடிதம் கொடுத்தார். அவ்வேளையில் மார்ட்டின் லூதர் கிங் அவரைச் சந்தித்து, விலகக் கூடாதென்று வற்புறுத்தினார். கறுப்பினப் பெண்ணொருத்தி பணிப்பெண்ணாக அன்றி அதிகாரியாக வீற்றிருப்பதை நாடே காண்கிறது என்பது அவர் வாதம். நிக்கல்ஸ் நிலைத்து நின்றார். 1977இல் அமெரிக்க விண்வெளி நிறுவனமான நாசா, பெண்களையும் சிறுபான்மையினரையும் விண்வெளி வீரர்களாகச் சேர்க்க அவர் துணையை நாடியது. மறு ஆண்டு தேர்வு பெற்ற 35 பேரில் அறுவர் பெண்கள். உஹூராவைக் கண்டு வளர்ந்த மே ஜெமிசன் 1992இல் விண்வெளி சென்றார். 2022ஆம் ஆண்டு நிக்கல்ஸ் தமது 89ஆம் வயதில் காலமானார்.

ஒரு பாடகியை அவளுக்குரிய இருக்கையில் நிலைக்கச் செய்தது, மதிப்புக்குரிய ஒருவர் சொன்ன ஒரு சொல். நம் வீடுகளில் அந்தச் சொல்லைச் சொல்லும் பொறுப்பு யாருடையது? ஓங்கோலில் அதைச் சொன்னவர் ஒரு தந்தை. சிதம்பரத்திலிருந்து திரும்பிய ரயிலில், பரங்கிப்பேட்டை தாண்டியதும், ஜன்னலுக்கு வெளியே பார்த்தபடியே என் அண்ணனும் சொன்னார்: "சேர்த்துவிடுவோம்."

அதற்குரிய விலையையும் நாங்கள் செலுத்தினோம். அவள் படிப்பு முடிந்தபின் கூடிவந்த ஒரு சம்பந்தம், "மேடையில் பாடுகிறவளாமே" என்ற ஒரே காரணத்தால் முறிந்தது. அண்ணன் இரண்டு நாள் உண்ணவில்லை. ஆயினும் மகளைப் பாட வேண்டாமென்று ஒரு சொல்லும் சொன்னாரில்லை. ஈராண்டு கழித்து, அவள் பாட்டைக் கேட்டே விரும்பி வந்த நல்ல குடும்பத்தில் வாழ்க்கைப்பட்டாள். அதற்கு முன்பே பள்ளியொன்றில் இசையாசிரியையாக அமர்ந்து, தம்பியர் இருவரின் படிப்புச் செலவைத் தன் சம்பளத்தில் தாங்கினாள். முப்பதாண்டுகளுக்கு மேலாக அவளிடம் இசை பயின்றவர்கள் எத்தனையோ பேர்.

பானுமதி அவர்கள் 2005ஆம் ஆண்டு டிசம்பர் 24ஆம் நாள் சென்னையில் மறைந்தார். நாமெல்லாம் கிறிஸ்து பிறப்பு விழாப் பாடல்களுக்கு ஒத்திகை பார்த்துக்கொண்டிருந்த மாலை அது.

பெற்றோரே, உங்கள் இல்லத்திலும் நல்ல குரல் படைத்த பெண்பிள்ளை இருக்கக்கூடும். அவளை யாரிடம் அனுப்புகிறோம், எங்கே தங்க வைக்கிறோம், எந்த நிபந்தனையோடு மேடையேற்றுகிறோம் என்பவற்றையெல்லாம் கண்டிப்பாக ஆராயுங்கள். அது உங்கள் கடமை. ஆராய்ந்தபின் அவள் கையைப் பிடித்து ரயிலேறுங்கள். "பாட்டுக்காரி" என்று ஊரார் சொன்னால் சொல்லட்டும். அச்சொல்லை மதிப்புக்குரியதாக்கும் வேலையை அவளே பார்த்துக்கொள்வாள்.