அட்டையின் பின்பக்கம்

ஈஸ்டர் லீவு வருகிறது. வகுப்பில் பாதிப் பேர் பஸ் டிக்கெட் விலையைப் பார்த்துக்கொண்டிருக்கிறார்கள். மீதிப் பேர் வாங்கியே விட்டார்கள். "டிக்கெட் போட்டாச்சு, ஹாஸ்டல் போட்டாச்சு, வேற என்னண்ணா வேணும்?" என்று நேற்று ஒரு ஜூனியர் கேட்டான். "உன் இன்சூரன்ஸ் அட்டையைத் திருப்பிப் பார்த்திருக்கியா?" என்றேன். பேந்தப் பேந்த முழித்தான். நானும் ஒரு காலத்தில் அப்படித்தான் முழித்தேன். அந்தக் கதைதான் இது.

2023 ஏப்ரல். ஜெர்மனிக்கு வந்து ஆறேழு மாதம் ஆகியிருந்தது. டிரெஸ்டனிலிருந்து பிராகுக்கு பஸ்ஸில் சுமார் இரண்டு மணி நேரம்தான். நாலு பேர் கிளம்பினோம்: நான், மதுரைக்கார ரூம்மேட், எங்கள் வகுப்பு இத்தாலிக்காரி, ஒரு ஜெர்மன் பையன்.

செக் நாட்டில் யூரோ கிடையாது, கொருனா. இறங்கியதும் முதலில் கண்ணில் பட்ட ஏடிஎம்மில் அட்டையைச் செருகினேன். 4,000 கொருனா கேட்டேன். "யூரோவில் மாற்றிக் கணக்கிடட்டுமா? ரேட் உறுதி" என்று திரையில் வந்தது. உறுதி என்றால் நல்லதுதானே? பச்சைப் பட்டனை அமுக்கினேன். ஏறத்தாழ 190 யூரோ போனது. என் வங்கி ரேட்டில் 170தான் ஆகியிருக்கும். அந்த ஒரு பட்டனுக்கு 20 யூரோ. ஊரைப் பார்ப்பதற்கு முன்பே ஒரு நாள் சாப்பாட்டுக் காசு காலி :-(

அது சின்ன அடி. பெரிய அடி மறுநாள் ராத்திரி. மழை பெய்து கருங்கல் பாவிய தெரு வழுக்கிக்கொண்டிருந்தது. நம்ம மதுரைக்காரன் போனில் போட்டோ பார்த்துக்கொண்டே நடந்தவன், கையை ஊன்றி விழுந்தான். எழுந்தபோது மணிக்கட்டு வீங்கிவிட்டது. "ஒண்ணும் இல்லடா, சுளுக்கு" என்று சிரித்தான். முகம் வெளுத்துப் போயிருந்தது.

ஹாஸ்டல் வரவேற்பில் கேட்டோம். பக்கத்தில் ஒரு கிளினிக் இருக்கிறது, ஆங்கிலம் பேசுவார்கள் என்றார்கள். போனோம். பளபளவென்று சோபா, காபி மெஷின், சிரித்த முகம். "முதலில் 250 யூரோ கட்டுங்கள், எக்ஸ்ரே தனி" என்றார் அந்த அம்மா. அட்டையை நீட்டினான். தலையை ஆட்டிவிட்டார். "இது இங்கே செல்லாது, இது தனியார்."

மதுரைக்காரன் என்னை வெளியே இழுத்துக்கொண்டு வந்தான். "மச்சி, ரூமுக்குப் போயிரலாம்டா. ஜெர்மனி போய்ப் பாத்துக்கறேன். வாடகை கட்டணும்டா" என்றான். வலியை விடக் காசுக்குப் பயந்தான். அவனுடைய அப்பா கல்விக்கடன் வாங்கி அனுப்பியிருக்கிறார், எனக்குத் தெரியும். என்ன சொல்வதென்று தெரியவில்லை. என் கணக்கிலும் அவ்வளவு இல்லை.

இத்தாலிக்காரிதான் அவன் கையிலிருந்த அட்டையை வாங்கித் திருப்பினாள். "இதைப் படிச்சதே இல்லையா நீங்க?" நீல நிறம், மூலையில் வட்டமாக நட்சத்திரங்கள். ஐரோப்பிய மருத்துவக் காப்பீட்டு அட்டை. ஆறு மாதமாக எங்கள் பர்ஸில் கிடந்தது. "இது தனியார்கிட்ட செல்லாது. அரசு ஆஸ்பத்திரிக்கு வாங்க."

போனோம். சோபா இல்லை, பிளாஸ்டிக் நாற்காலி. மூன்று மணி நேரம் காத்திருந்தோம். பக்கத்தில் ஒரு செக் தாத்தா இருமிக்கொண்டிருந்தார், அவருக்கும் அதே வரிசைதான். எக்ஸ்ரே எடுத்தார்கள், எலும்பில் கீறல். மாவுக்கட்டு போட்டார்கள். அவசர சிகிச்சைக் கட்டணம் என்று 90 கொருனா கேட்டார்கள். நாலு யூரோகூட இல்லை. மறுபடி கேட்டு உறுதிப்படுத்திக்கொண்டோம். ஆமாம், 90தான்!

ஊருக்குப் போன் போட்டு அம்மாவிடம் சொன்னேன். "எவ்வளவுப்பா ஆச்சு?" என்பதுதான் அவர் முதல் கேள்வி. "நம்ம காசுக்கு முந்நூத்திச் சொச்சம்மா" என்றேன். "பொய் சொல்லாதே" என்றார். ஏடிஎம் கதையைச் சொல்லவில்லை :-)

திரும்பி வந்த பிறகு உட்கார்ந்து படித்தேன். நண்பர்களுக்கு உபயோகப்படும் என்பதால் விவரமாகவே எழுதுகிறேன்.

முன்பெல்லாம் இதற்கு ஈ111 என்று ஒரு காகிதப் படிவம் இருந்ததாம். 2004 ஜூனில்தான் அட்டையாக மாறியது. இதன் தத்துவம் ரொம்ப எளிது: இன்னொரு நாட்டுக்குத் தற்காலிகமாகப் போன இடத்தில் சிகிச்சை தேவைப்பட்டால், அந்த நாட்டுக் காப்பீட்டாளருக்கு என்ன உரிமையோ அதே உரிமை உங்களுக்கு. கூடவும் இல்லை, குறையவும் இல்லை. அந்தத் தாத்தா கட்டினால் நீங்களும் கட்டவேண்டும். பிரான்சில் டாக்டருக்கு முதலில் காசைக் கட்டிவிட்டுப் பிறகு ஒரு பகுதியைத் திரும்ப வாங்கவேண்டும். அதனால் ரசீதைத் தூக்கிப் போடாதீர்கள்.

எதற்கெல்லாம் உதவாது? தனியார் கிளினிக்குக்கு உதவாது. சிகிச்சைக்கென்றே திட்டமிட்டுப் போனால் உதவாது. ஆல்ப்ஸில் பனிச்சறுக்குப் போய்க் காலை உடைத்துக்கொண்டு ஹெலிகாப்டர் வந்தால், அந்தச் செலவுக்கு உதவாது. உங்களை ஊருக்குத் திருப்பி அனுப்பும் செலவுக்கும் உதவாது. இதற்கெல்லாம் தனியாகப் பயணக் காப்பீடு எடுக்கவேண்டும். ஜெர்மனியில் வருடத்துக்கு இருபது யூரோவுக்குள்ளேயே கிடைக்கிறது. நான் இழந்த அந்தப் பட்டன் காசு.

இன்னொன்று, நம்மவர்களில் பலருக்குத் தெரியாதது. இந்தியப் பாஸ்போர்ட் வைத்திருப்பவர்களுக்கு டென்மார்க், ஐஸ்லாந்து, லிச்சென்ஸ்டைன், நார்வே, சுவிட்சர்லாந்து ஆகிய ஐந்து நாடுகளில் பொதுவாக இந்த அட்டை செல்லாது. ஒரே வகுப்பு, ஒரே காப்பீட்டு நிறுவனம், ஒரே சந்தா. ஆனாலும் சூரிச்சில் விழுந்தால் இத்தாலிக்காரிக்குச் செல்லும், மதுரைக்காரனுக்குச் செல்லாது. கோபம் வரும்தான். ஆனால் அங்கே போய்த் தெரிந்துகொள்வதை விட இங்கேயே தெரிந்துகொள்வது நல்லது. அந்தப் பக்கம் போகிறவர்கள் பயணக் காப்பீடு இல்லாமல் கிளம்பாதீர்கள்.

முப்பது வயதுக்கு மேல் வந்து தனியார் காப்பீடு எடுத்தவர்களுக்கு இந்த நீல அட்டையே வராது. அவர்கள் தங்கள் பாலிசியைப் படிக்கவேண்டும். உங்களைப் பார்க்க வரும் அப்பா அம்மாவுக்கும் உங்கள் அட்டை உதவாது. ஷெங்கன் விசாவுக்காக அவர்கள் எடுக்கும் காப்பீடு (குறைந்தது 30,000 யூரோ) தான் அவர்களுக்கு.

காசு விஷயம் சுருக்கமாக:

ஏடிஎம்மோ கடை மெஷினோ "உங்கள் பணத்திலா, உள்ளூர்ப் பணத்திலா?" என்று கேட்டால், கண்ணை மூடிக்கொண்டு உள்ளூர்ப் பணம். ஐரோப்பிய ஒன்றிய நாணயங்களுக்குள் மாற்றும்போது எத்தனை சதவீதம் கூடுதல் என்று மெஷின் காட்டவேண்டும், 2020 முதல் அது சட்டம். எனக்கும் காட்டியிருக்கும், நான்தான் படிக்கவில்லை.

"கமிஷன் 0%" என்று போர்டு வைத்த மாற்றுக்கடைகளில் ரேட்டைப் பாருங்கள், கமிஷனைப் பார்க்காதீர்கள். பிராகில் ஏமாந்துவிட்டால் ஒரு வழி உண்டு: 2019 ஏப்ரல் முதல், 1,000 யூரோ வரையிலான மாற்றத்தை மூன்று மணி நேரத்துக்குள் ரத்து செய்யலாம். ரசீது கையில் இருக்கவேண்டும்.

அட்டையை ஊரில் மறந்துவிட்டால் காப்பீட்டு நிறுவனத்துக்குப் போன் செய்து தற்காலிகச் சான்றிதழ் கேளுங்கள். உயிர் போகிற அவசரம் என்றால் ஒன்றிய நாடுகள் எல்லாவற்றிலும் 112.

மதுரைக்காரன் கை இப்போது நன்றாக இருக்கிறது. கிரிக்கெட்டில் மட்டும் கேட்ச் விட்டால் இன்னும் "பிராக் கை" என்று சாக்கு சொல்கிறான்.

டிஸ்கி: நான் டாக்டரும் இல்லை, வக்கீலும் இல்லை. விதிகள் மாறலாம். கிளம்புமுன் உங்கள் காப்பீட்டு நிறுவனத்தை ஒரு வார்த்தை கேட்டுவிடுங்கள். அதற்கு முன்னால் அட்டையைத் திருப்பிப் பாருங்கள்.