அப்பா வண்டி

சீட்டுக்குள் எலி குடும்பம் நடத்துகிறது. ஒரே சிலிண்டருக்கு இரண்டு சைலன்சர் வைத்த யெஸ்டி. அதில் ஒன்றைக் காணோம். விலை ஒன்றரை லட்சமாம்.

“மைசூர் கம்பெனியையே மூடிட்டாங்க தம்பி, இனி கிடைக்குமா?”

மூடியது 1996இல். அதற்காக, வண்டியை மழையில் போட்டு வைத்தவருக்கு நான் ஏன் காசு தரணும்?

யெஸ்டியில் கியர் லிவரேதான் கிக்கர். உள்ளே அழுத்தி, மேலே திருப்பி மிதித்தேன். இறங்கவில்லை. பிஸ்டன் இறுகிக் கிடந்தது.

“நாற்பதுக்கு முடிச்சுக்கலாமாண்ணே?”

“எங்கப்பா வண்டி தம்பி இது!”

அப்பா வண்டியைத்தான் பத்து வருசமாகப் புளியமரத்தடியில் விட்டிருக்கிறார். கேட்க வாய்வரை வந்தது, கேட்கவில்லை. என் காலேஜ் ஃபீஸுக்காக எங்கப்பா எட்டாயிரத்துக்கு விற்ற யெஸ்டியைத்தான் ஊர் ஊராகத் தேடுகிறேன். துருவைச் சுரண்டி நம்பரைப் பார்த்தேன். இது இல்லை.

“அறுபது?” என்றேன்.