ஸ்லைடில் விரியும் ரத்தம்

ஒரு சொட்டு ரத்தத்தைக் கண்ணாடி ஸ்லைடில் மெல்லிய படலமாக இழுத்து, சாயமேற்றி, நுண்ணோக்கியில் படிப்பதை ஆய்வகத்தார் ‘ஸ்மியர் பார்ப்பது’ என்பார்கள். அணுக்களை எண்ணித் தரும் தானியங்கிக் கருவிகள் சிறிய ஊர்களுக்கும் வந்துவிட்டன. ஆனாலும் கருவி சந்தேகக்குறி இட்ட மாதிரிகள் கடைசியில் ஒரு மனிதரின் கண்ணுக்கே வந்து சேர்கின்றன. அந்தக் கண் எப்படிப் பழக்கப்படுகிறது என்பதை ஒரு மாவட்டத் தலைமை மருத்துவமனையின் ஆய்வகத்தில் அருகிலிருந்து பார்க்க எனக்கு வாய்த்தது.

வேலை கையில்தான் தொடங்குகிறது. ஊதா மூடிக் குழாயில், உறையாமல் காக்கும் இ.டி.டி.ஏ. வேதிப்பொருளுடன் ரத்தம் வருகிறது. குழாயை மெல்லப் புரட்டிக் கலக்கி, ஸ்லைடின் ஓரத்தில் சிறு சொட்டு வைக்கிறார்கள். இன்னொரு ஸ்லைடை 30 முதல் 45 பாகைச் சாய்வில் சொட்டின் முன்னால் வைத்து, பின்னுக்கு நகர்த்தித் தொட வைத்ததும் ரத்தம் விளிம்பு முழுக்கப் பரவுகிறது. உடனே ஒரே சீராக முன்னால் தள்ளிவிட வேண்டும். சரியாக வந்த படலம் நாக்கு வடிவில் மெலிந்து முடியும். சாய்வு கூடினால் படலம் தடிக்கும். நடுவில் கை தயங்கினால் வரிவரியாக விழும். ஸ்லைடில் எண்ணெய்ப்பசை இருந்தால் ஓட்டை ஓட்டையாகத் தெரியும். புதிதாகச் சேரும் மருத்துவ ஆய்வகத் தொழில்நுட்பப் பட்டய (டி.எம்.எல்.டி.) மாணவர்களுக்கு முதல் சில வாரங்கள் இதிலேயே கழிகின்றன. மோசமான படலத்தில் எந்த நிபுணராலும் நல்ல முடிவு சொல்ல முடியாது என்பதால், அந்த வாரங்கள் வீணல்ல.

அடுத்தது சாயம். மெத்திலீன் நீலத்தையும் இயோசினையும் சேர்த்துச் சாயமிடும் முறையை ரஷ்யரான ரோமனோவ்ஸ்கி 1891இல் வெளியிட்டார்; அதன் வழிவந்த ‘லீஷ்மன் ஸ்டெயின்’ 1901இல் வந்தது. அதை உருவாக்கிய வில்லியம் லீஷ்மன் 1903இல் விவரித்த காலா அசார் நோயின் ஒட்டுண்ணியை, அதே ஆண்டு சென்னையில் பணியாற்றிய சார்லஸ் டோனவனும் கண்டறிந்தார். ‘லீஷ்மேனியா டோனவனி’ என்ற பெயரில் இருவரும் சேர்ந்தே இருக்கிறார்கள்.

சாயத்தை ஊற்றி இரண்டு நிமிடம் விட்டால், அதிலுள்ள மெத்தனால் அணுக்களை ஸ்லைடில் நிலைநிறுத்திவிடும். பிறகு இரு மடங்கு பஃபர் நீர்; மேலே உலோக மினுமினுப்புடன் ஓர் ஏடு படியும். ஏழு முதல் பத்து நிமிடம் கழித்துக் கழுவுகிறார்கள். பஃபரின் பி.எச். 6.8 அளவில் இருக்க வேண்டும். அமிலம் கூடினால் எல்லாம் சிவந்துபோகும், காரம் கூடினால் நீலம் பாரிக்கும். இரண்டிலும் அணுக்களை இனம்பிரிப்பது கடினம்.

ஆயில் இம்மெர்ஷன் லென்ஸில், சிவப்பணுக்கள் ஒன்றன்மேல் ஒன்று ஏறாமல் அடுத்தடுத்துப் பரந்திருக்கும் பகுதியை மட்டுமே படிக்கிறார்கள். இயல்பான சிவப்பணுவின் குறுக்களவு 7 முதல் 8 மைக்ரான். நடுவில் மூன்றிலொரு பங்கு வெளிறியிருக்கும். சிறிய லிம்போசைட்டின் உட்கரு ஏறக்குறைய அதே அளவு என்பதால், அதுவே பார்வைக்கு அளவுகோல். வெள்ளையணுக்களில் நூறை இனம்பிரித்து எண்ணுகிறார்கள். மாணவர்கள் அதிகம் தடுமாறும் இடம் மோனோசைட்டும் பெரிய லிம்போசைட்டும். மோனோசைட்டின் சைட்டோபிளாசம் சாம்பல் நீலம், உட்கரு மடிந்திருக்கும், சிறு குழிகள் தெரியும். டெங்கு போன்ற வைரஸ் காய்ச்சலில் தூண்டப்பட்ட லிம்போசைட் பெருத்து, பக்கத்துச் சிவப்பணுக்களை அணைத்து வளைந்து, ஓரத்தில் அடர்நீலமாகும். “நார்மல் முதல்ல மனசுல பதியட்டும்மா, அப்புறம் மாறுனது தானா கண்ணுல படும்” என்று மூத்த டெக்னீஷியன் ஒரு மாணவியிடம் சொன்னதுதான் இந்தத் தொழிலின் அடிப்படை.

ரத்தசோகை ஒரே நோயன்று என்பது ஸ்லைடில் தெளிவாகத் தெரியும். இரும்புச்சத்துக் குறைவில் அணுக்கள் சிறுத்து வெளிறி, சில பென்சில்போல நீளும். தலசீமியாக் கடத்திகளுக்கும் அணுக்கள் சிறுத்தே இருக்கும். ஆனால் எண்ணிக்கை குறையாது, இலக்குவட்டம் போன்ற அணுக்களும் தென்படும். அவர்களுக்கு இரும்புச்சத்துக் குறைவும் சேர்ந்திராவிட்டால் மாதக்கணக்கில் இரும்பு மாத்திரை கொடுத்தும் பயனில்லை. பி12 அல்லது ஃபோலேட் குறைந்தால் சிவப்பணுக்கள் பெருத்துவிடும், நியூட்ரோபில் என்ற வெள்ளையணுவின் உட்கரு ஆறு பிரிவுகளாகக்கூடப் பிரியும். பம்பாயில் கர்ப்பிணிகளின் ரத்தசோகையை ஆராய்ந்த லூசி வில்ஸ், ஈஸ்ட் சாறு அதைக் குணமாக்குவதை 1931இல் வெளியிட்டார். ஃபோலேட்டைக் கண்டறிய அது வழிவிட்டது. ரத்தசோகைக்கு இன்னொரு காரணமான அரிவாள் அணு மரபு இந்தியாவில் முதலில் அறியப்பட்டது நீலகிரியில், 1952இல்.

டெங்கு காலத்தில் ஆய்வகத்தின் முழு பாரமும் பிளேட்லெட் மேல் இறங்குகிறது. இயல்பான அளவு ஒன்றரை லட்சம் முதல் நான்கு லட்சம். கருவி 40,000 என்று காட்டினால் குடும்பமே பதறிப்போகும். சிலரது ரத்தத்தில் இ.டி.டி.ஏ. பட்டதும் பிளேட்லெட்டுகள் ஒன்றோடொன்று ஒட்டிக் கட்டியாகும். கருவி அந்தக் கட்டிகளை எண்ணாமல் விட்டுவிடும். படலத்தின் மெலிந்த ஓரத்துக்கு லென்ஸை நகர்த்தினால் ஊதாத் திட்டுகளாக அவை குவிந்திருப்பது தெரியும். அப்போது சிட்ரேட் குழாயில் மறுபடி ரத்தம் எடுக்கிறார்கள். கட்டி இல்லையென்றால், ஆயில் லென்ஸ் புலம் ஒன்றில் சராசரியாகத் தெரியும் பிளேட்லெட்டுகளை 15,000 ஆல் பெருக்கித் தோராயக் கணக்குப் போட்டு, கருவியின் எண்ணோடு ஒப்பிடுகிறார்கள். இந்தச் சில நிமிட வேலை தேவையற்ற பிளேட்லெட் ஏற்றுதலைத் தடுக்கிறது. உண்மையான வீழ்ச்சியையும் உறுதி செய்கிறது.

முதிராத வெள்ளையணுவான பிளாஸ்ட் தென்பட்டால் ஆய்வகத்தின் வேகமே மாறிவிடும். பெரிய உட்கரு, நுண்ணிய குரோமாட்டின், உள்ளே தெளிந்த நியூக்ளியோலஸ். சிலவற்றில் ஊசிபோன்ற சிவந்த ஆவர் கம்பிகள். அந்தக் கம்பிகள் கட்டுக்கட்டாகக் கிடந்தால் அக்யூட் புரோமைலோசைட்டிக் லுகேமியா என்று சந்தேகிக்க வேண்டும். ரத்தக்கசிவால் சில நாட்களிலேயே உயிரைப் பறிக்கக்கூடியது அது. ரெட்டினாயிக் அமில மாத்திரையை உடனே தொடங்கினால் பெரும்பாலோர் பிழைக்கக்கூடியதும் அதுவே. ஆகவே டெக்னீஷியன் அறிக்கைக்காகக் காத்திராமல் நோயியல் மருத்துவரை நேரே அழைக்கிறார்.

இத்தனை பொறுப்பும், நாளெல்லாம் கழுத்தை வளைத்து அமர்ந்திருக்கும் சிலரிடம் இருக்கிறது. அவர்களிடம் வரும் படிவங்களில் பெரும்பாலானவை பெயரும் வயதும் மட்டுமே தாங்கி வருகின்றன. எத்தனை நாள் காய்ச்சல், என்ன மருந்து, சமீபத்தில் ரத்தம் ஏற்றினார்களா என்ற மூன்று விவரங்களை மருத்துவர்கள் எழுதி அனுப்ப வேண்டும்; எழுதாவிட்டால் நோயாளியின் வீட்டார் கேட்டு எழுதச் செய்ய வேண்டும்.