காயலான் கடையில் கம்ப்ரசர் தேடியபோது

எங்கள் பக்கத்தில் கம்ப்ரசர் என்றால் எல்லோருக்கும் நினைவுக்கு வருவது திருச்செங்கோட்டுப் போர்வெல் வண்டிதான். பாறையைத் துளைத்துப் புழுதியையும் நீரையும் வானத்துக்கு அடிக்கிற அந்த எந்திரத்தின் பக்கத்தில் வைத்தால் நான் தேடியது பொம்மை. நாமக்கல்லுக்கும் சேலத்துக்கும் இடையில் டயர் வெடித்து நிற்கும் லாரிகளுக்கும், காட்டுக்குள் காற்று இறங்கிக் கிடக்கும் டிராக்டர்களுக்கும் நேரில் போய் பஞ்சர் ஒட்டுவது என் தொழில். என்னிடம் இருப்பது பழைய டாடா 407. அதன் பிரேக் எண்ணெயில் இயங்குவது. பெரிய லாரிகளைப் போல் காற்று பிரேக் இல்லாததால், வண்டியில் காற்று என்று எதுவும் கிடையாது.

பேட்டரியில் ஓடும் சின்ன பம்பு கார் டயருக்குப் போதும். லாரி டயருக்கு 100 பவுண்டுக்கு மேல் ஏற்ற வேண்டும். பாதியிலேயே சூடேறிப் படுத்துவிடும். கடையில் வைத்திருக்கும் மோட்டார் கம்ப்ரசருக்குக் கரண்டு வேண்டும். தனி பெட்ரோல் எஞ்சினோடு வருவதை வாங்கினால், பராமரிக்க இன்னொரு எஞ்சின். வண்டியில் பாதி இடமும் போய்விடும். வண்டியின் எஞ்சினே அங்கே நின்று உறுமிக்கொண்டிருக்கும்போது, அதன் பெல்ட்டில் ஒரு கம்ப்ரசரைக் கோத்துவிடுவதுதான் புத்தி. புதிதாக வாங்கக் கையில் காசு இல்லை. ஆகவே காயலான் கடை.

அங்கே அப்படிக் கோக்கத் தோதானவை இரண்டு வகை. ஒன்று, லாரியின் ஏர் பிரேக்குக்காகச் செய்தது. மற்றது, ஏசி வண்டியிலிருந்து கழற்றியது. நான் விசாரித்த மெக்கானிக்குகள் அத்தனை பேரும் லாரிக் கம்ப்ரசரைத்தான் சொன்னார்கள். அவர்கள் சொன்ன காரணங்களில் தப்பில்லை. அது காற்றுக்காகவே பிறந்தது. இராப்பகலாக ஓடினாலும் தாங்கும். ரிங்கும் வால்வும் கேஸ்கெட்டும் எந்த லாரி ஊரிலும் கிடைக்கும்.

ஆனால் அதற்கு எண்ணெய் எஞ்சினிலிருந்து போக வேண்டும். ஒரு குழாய் வழியே அழுத்தத்தோடு வந்து உள்ளே நனைத்துவிட்டு, இன்னொரு குழாய் வழியே எஞ்சினுக்கே திரும்பும். அந்த இரண்டு குழாயையும் என் எஞ்சினில் புதிதாகப் போட வேண்டும். அதில் ஒன்று நடுவழியில் வெடித்தால் போவது காற்று மட்டுமில்லை, எஞ்சின் ஆயிலும்தான். கிளச் கிடையாது என்பதால் எஞ்சின் ஓடுகிறவரை அதுவும் சுற்றிக்கொண்டே இருக்கும். டேங்க் நிறைந்தால் காற்றேற்றுவதை விட்டுவிடுமே தவிர, தண்டு நிற்காது.

ஏசி கம்ப்ரசரில் மின்காந்தக் கிளச் உண்டு. உட்கார்ந்த இடத்திலிருந்தே சுவிட்சைத் தட்டி ஓட்டலாம், நிறுத்தலாம். அதன் குறை வேறு. ஏசியில் இருக்கும்போது எண்ணெய் கேஸோடு கலந்து சுற்றிவந்து உள்ளுறுப்புகளை நனைக்கும். வெறும் காற்றை இழுக்கவிட்டால் இருக்கிற எண்ணெய் கொஞ்சம் கொஞ்சமாக வெளியேறிவிடும், பிறகு உள்ளே காய்ந்து இறுகும். எனவே காற்று நுழையும் வழியில் சொட்டுச் சொட்டாக எண்ணெய் விட ஒரு குப்பி வேண்டும். வெளிவரும் வழியில் அந்த எண்ணெயைப் பிரிக்க ஒரு வடிப்பானும் வேண்டும், இல்லாவிட்டால் டயருக்குள் போய் ரப்பர் ட்யூப்பை ஊறவைத்துக் கெடுக்கும். அமெரிக்காவில் பழைய கார்களில் வந்த யார்க் என்கிற ஏசி கம்ப்ரசருக்கு அடியில் சொந்த எண்ணெய்த்தொட்டியே உண்டு. அங்கே ஜீப் வைத்திருப்பவர்கள் அதைத்தான் தேடி அலைவார்கள். நான் ஏறிய கடைகள் எதிலும் அது என் கண்ணில் படவில்லை.

எது நல்லது என்று மட்டும் கேட்டால் லாரிக் கம்ப்ரசர்தான். யாருக்கு என்று கேட்டால்தான் பதில் மாறுகிறது. எந்தப் பட்டறைக்குப் போனாலும் மெக்கானிக்குக்குப் பக்கத்தில் ஒரு பையன் இருப்பான். ஸ்பானர் எடுத்துக்கொடுக்க, வண்டிக்கு அடியில் படுத்துத் தாங்கிப்பிடிக்க, ஓடிப்போய் கேஸ்கெட் வாங்கிவர. எனக்குக் கிடைத்த ஒவ்வொரு யோசனைக்குள்ளும் அந்தப் பையன் இருந்தான். என் வண்டியில் அவன் இல்லை. இரவு 11 மணிக்கு நெடுஞ்சாலையில் எஞ்சின் ஆயில் கொட்டிப்போனால் நான் பட்டறை தேடி நடக்க வேண்டும். இதில் துணிச்சல் பேசி ஒன்றும் ஆகப்போவதில்லை. ஏசி கம்ப்ரசர் கெட்டால் பெல்ட்டைக் கழற்றி எறிந்துவிட்டு வீட்டுக்கு ஓட்டிவந்துவிடலாம். எடை சுமார் 7 கிலோ. ஒரு கையால் பிடித்துக்கொண்டு மறு கையால் போல்ட்டை முடுக்கலாம்.

எடை குறைவு என்பதால் ‘லேடீஸுக்கு ஏத்தது’ என்று யாரும் சொல்லிவிட வேண்டாம். முதுகு பிடித்துப்போன ஐம்பது வயது ஆண் மெக்கானிக்குக்கும் அதுதான் ஏற்றது. பையன் இருப்பதால் அவருக்கு அது தெரிவதில்லை.

கடைகளில் முதல் கேள்வி கம்ப்ரசரைப் பற்றியது இல்லை. “ஊட்டுக்காரரு வரலீங்களா அம்மிணி?” அடுத்தது, “யாருக்குங்க இது?” எனக்குத்தான் என்றால் ஒரு சிரிப்பு. ஒரு கடையில் விலையை என்னிடம் சொல்லாமல் கூட வந்திருந்த சித்தப்பா மகனிடம் சொன்னார்கள். அவன் பி.காம். படிக்கிறவன், மூட்டை தூக்க வந்தவன். நான் கேட்ட கேள்விக்கெல்லாம் அவன் முகத்தைப் பார்த்தே பதில் வந்தது. அவனும் பாவம், எல்லாவற்றுக்கும் தலையாட்டிக்கொண்டிருந்தான்.

இதைக் கடைக்காரரின் குணம் என்று மட்டும் தள்ளிவிட முடியவில்லை. 1948ஆம் ஆண்டின் தொழிற்சாலைகள் சட்டத்தில் 22ஆம் பிரிவைப் படித்துப் பாருங்கள். ஓடிக்கொண்டிருக்கும் இயந்திரத்தைச் சோதிக்கவோ எண்ணெய் விடவோ நேர்ந்தால், தனிப்பயிற்சி பெற்ற, இறுக்கமான உடை அணிந்த, வயதுவந்த ஆண் தொழிலாளிதான் செய்ய வேண்டும் என்று அது சொன்னது. அந்த உடையை நிர்வாகமே தர வேண்டும் என்றும் சொன்னது. அடுத்த உட்பிரிவில் பெண்ணையும் சிறாரையும் ஒன்றாகச் சேர்த்து, எஞ்சின் ஓடும்போது அதைத் துடைக்கவோ எண்ணெய் விடவோ சரிசெய்யவோ இவர்களை அனுமதிக்கக் கூடாது என்றது. ஆபத்து இல்லை என்று நான் சொல்லவில்லை. துப்பட்டா நுனியைப் பெல்ட் இழுத்தால் என்ன ஆகும் என்று எனக்குத் தெரியும். அந்த இறுக்கமான உடையையும் பயிற்சியையும் பெண்ணுக்கும் கொடுத்திருக்கலாமே என்பதுதான் என் கேள்வி. என் 407 ஒன்றும் தொழிற்சாலை இல்லை. நான் பேண்ட் சட்டையில்தான் வேலை செய்கிறேன். பெல்ட்டுக்கு மேல் தகரத்தில் மூடி அடித்திருக்கிறேன். ஏசி கம்ப்ரசரில் சுவிட்சை அணைத்தாலும் புல்லி சுற்றிக்கொண்டேதான் இருக்கும், நடுத்தட்டு மட்டும்தான் நிற்கும். அதனால் அந்த மூடி கட்டாயம்.

எல்லாக் கடையிலும் ஒரே வசனம்: “ஓடுற வண்டியில கழட்டுனதுங்க.” அதைக் காதில் வாங்கிக்கொண்டு என் வேலையைப் பார்த்தேன். கேஸ் குழாய் மாட்டுகிற இரண்டு துளைகளும் மூடியில்லாமல் திறந்து கிடந்தவற்றைத் தொடவே இல்லை. எத்தனை மழை உள்ளே போயிருக்கிறதோ. மூடியிருந்தவற்றை எடுத்து முன்தட்டைக் கையால் சுற்றினேன். கரகரப்பில்லாமல், லேசாகப் பிடித்துப் பிடித்து விட வேண்டும். காற்று வெளியேறும் துளையில் கட்டைவிரலை வைத்துச் சுற்றினால் விரலைத் தள்ள வேண்டும். தண்டை மேலும் கீழும் அசைத்தால் ஆடக் கூடாது. பிறகு கவிழ்த்து, உள்ளே இருக்கும் எண்ணெயை வெள்ளைத் துணியில் சொட்டவிட்டேன். ஒன்றில் தார் போல வந்தது. இன்னொன்றில் மினுமினுவென்று உலோகத்தூள். பார்க்கப் புத்தம்புதிதாக இருந்த ஒன்று மண் அள்ளும் பெரிய இயந்திரத்தின் கேபினிலிருந்து வந்தது. அதன் கிளச் 24 வோல்ட், என் வண்டி 12. கடைக்காரர் “எல்லாம் ஒண்ணுதானுங்க” என்றார். கையோடு கொண்டுபோன பேட்டரியில் ஒயரை வைத்துக் காட்டினேன். கிளச் ஒட்டவில்லை. அதற்குப் பிறகு அவர் தம்பியைப் பார்த்துப் பேசுவதை விட்டுவிட்டார்.

நான்காவது கடையில் கிடைத்தது ஏசி வேனிலிருந்து கழற்றியது, ஐந்து பிஸ்டன். வயரை வைத்ததும் டக்கென்று ஒட்டியது. என் எஞ்சினில் இருப்பதைப் போலவே வி பெல்ட் புல்லி. வரிவரியாக இருக்கும் பட்டை பெல்ட் வகையாக இருந்திருந்தால் புல்லிக்கே தனியாகச் செலவாகியிருக்கும். ஒரு சுற்றுக்கு 138 கன சென்டிமீட்டர் இழுக்கும். நிமிடத்துக்கு 1,500 சுற்று என்றால் கணக்குப்படி 200 லிட்டருக்குச் சற்று மேல். கசிவும் சூடும் போக அதைவிடக் குறைவாகத்தான் வரும். எனக்கு அது போதும்.

டேங்கை மட்டும் பழையதாக வாங்கவில்லை. உள்ளே துரு எவ்வளவு தின்றிருக்கிறது என்று வெளியிலிருந்து தெரியாது. காற்று நிறைந்த டேங்க் கிழிந்தால் அது குண்டு. சேஃப்டி வால்வும், அழுத்தம் ஏறியதும் கிளச்சைத் துண்டிக்கிற சுவிட்சும் புதிதே. குழாயை வேண்டுமென்றே நீளமாகப் போட்டேன். லாரி வீலில் லாக் ரிங் சரியாக உட்காராமல் காற்றேற்றினால் அது தெறித்து ஆளையே கொன்றுவிடும். நான் எட்டத்தில், பக்கவாட்டில் நின்றுதான் காற்றடிக்கிறேன்.

டெல்லி சஞ்சய் காந்தி டிரான்ஸ்போர்ட் நகரில் லாரி டயர் வேலை செய்யும் சாந்தி தேவியைப் பற்றிச் செய்திகள் வந்திருக்கின்றன. படத்தில் தன்னளவு டயரோடு ஒரு பெண்ணைப் பார்த்தால் எல்லோரும் வியப்பது பலத்தைத்தான். நான் அவருக்குப் பின்னால் கம்ப்ரசர் தெரிகிறதா, அது என்ன வகை என்று பார்ப்பேன். அதை யார் தேர்ந்தெடுத்திருப்பார்கள் என்றும் யோசிப்பேன்.

மாட்டியதிலிருந்து எண்ணெய்க் குப்பியைத் தினமும் காலையில் பார்க்கிறேன், டேங்க் தண்ணீரை மாலையில் திறந்துவிடுகிறேன். இப்போது என் கவலை கிளச் பேரிங்தான். லேசாக முனக ஆரம்பித்திருக்கிறது. அதன் நம்பரைக் குறித்து, புதிதாக ஒன்று வாங்கி சீட்டுக்கு அடியில் போட்டிருக்கிறேன். கழற்றுவதற்கு அளவான ஒரு புல்லர் வேண்டும். லேத்துப் பட்டறையில் அளவு கொடுத்திருக்கிறேன், வெள்ளிக்கிழமை தருவதாகச் சொல்லியிருக்கிறார்கள்.